பெட்டி முன்னே, பயணி பின்னே

மனிதன் ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கிய நாள்தொட்டு அவனுக்கு இரண்டு கவலைகள் உண்டு. தான் போய்ச் சேர வேண்டுமே என்பது ஒன்று. தன் மூட்டை போய்ச் சேர வேண்டுமே என்பது மற்றொன்று. கால்நடையாகச் சென்றவனுக்கு இவ்விரண்டும் ஒரே கவலையாக இருந்தன. தோளில் தொங்கிய மூட்டை அவன் சென்ற இடத்திற்கெல்லாம் உடன் சென்றது. கப்பலும் புகைவண்டியும் வானூர்தியும் வந்தபின் ஆள் ஒரு வழியிலும் மூட்டை வேறொரு வழியிலும் செல்வது இயல்பாயிற்று.

இன்று மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ அயல்நாடு புறப்படும் குடும்பங்களுள் சில, பெரிய பெட்டிகளைச் சில வாரங்களுக்கு முன்பே சரக்காக அனுப்பிவிட்டு, கைப்பையுடன் விமானம் ஏறுகின்றன. இதனை நேற்று வந்த புதுமை என்று கருதுவோர் பலர். வரலாற்றை நோக்கின், பெட்டியை முன்னே அனுப்பிப் பின்னே செல்வதுதான் பழைய முறை என்பதும், பெட்டியைத் தன்னுடனேயே விமானத்தில் ஏற்றிச் செல்வது இடையில் வந்த வழக்கம் என்பதும் புலனாகும்.

தன் சுமையைப் பிரிந்து செல்ல விரும்புகிறவனுக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன. சுமையின் மேல் ஒரு பெயர் வேண்டும். சுமையினுள் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். வழியில் அதற்கு விடை சொல்ல ஒரு பொறுப்பாளி வேண்டும். இம்மூன்றும் தமிழர்க்கு எப்பொழுது வாய்த்தன, எப்பொழுது மறுக்கப்பட்டன, எவ்வாறு மீண்டன என்று ஆராய்ந்தால், நம் புலம்பெயர்வின் வரலாற்றில் ஒரு பகுதி தெளிவாகும். அவ்வாராய்ச்சிக்கு ஒரு சிறு தொடக்கமே இக்கட்டுரை.

பானையில் எழுதிய பெயர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தைக் காட்டும்போது, ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் உரிய பண்டங்களின் மேல் சோழனின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைச் சொல்கிறது. பண்டத்திற்கு உரியவன் வேறிடத்தில் இருக்கலாம். ஆயினும் புலிப்பொறி பதிந்த மூட்டைக்கு அரசின் காவல் உண்டு. பொறுப்பாளி யார் என்பதை ஒரு முத்திரை அறிவித்துவிடுகிறது.

பெயருக்கும் சான்று உண்டு. செங்கடற்கரையில், எகிப்து நாட்டின் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை கிறித்து பிறந்த காலத்தை அடுத்தவை. அதே கடற்கரையின் பெரெனிகே துறையில் 1995-இல் கிடைத்த ஓடு ஒன்றில் கொற்றபூமான் என்னும் பெயர் காணப்படுகிறது. புலமையுள்ள பாட்டோ அரசாணையோ அவ்வோடுகளில் இல்லை. ‘இது இன்னாருடையது’ என்னும் செய்தி மட்டுமே உள்ளது. இன்று பெட்டியின் கைப்பிடியில் நாம் கட்டும் பெயர்ச்சீட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பட்டியலுக்கும் ஒப்பந்தத்திற்கும் சான்று வியன்னா நகரத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள முசிறி பாப்பிரசு என்னும் ஆவணம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதன் ஒரு பக்கத்தில், சேர நாட்டு முசிறி வாணிகத்திற்காகப் பெற்ற கடன் பேசப்படுகிறது; செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை ஒட்டகங்களின் மேல் பாலைவனம் கடத்தி, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவுக்கு முத்திரையிட்டுக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் எர்மாபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் எடையும் மதிப்பும் வரிசையாக உள்ளன. பெயர், பட்டியல், பொறுப்பு ஆகிய மூன்றும் பழந்தமிழரின் கடல் வாணிகத்தில் பயின்றவை என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா.

நீராவிக் கப்பலும் பெட்டியின் சீட்டும்

நெடுங்காலம் கடந்து 19-ஆம் நூற்றாண்டின் பம்பாய்க்கு வருவோம். 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் பம்பாய் இந்தியாவின் மேற்கு வாயில் ஆயிற்று. ஐரோப்பா செல்லும் பயணி இரும்புப் பெட்டிகளும் மரப் பெட்டிகளுமாகப் பெருஞ்சுமை கொண்டு சென்றான். கப்பல் நிறுவனங்கள் அச்சுமையை மூவகையாகப் பிரித்துச் சீட்டு ஒட்டின. அறையில் வைக்க வேண்டியது ஒன்று. அடித்தளத்தில் இருப்பினும் வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியது மற்றொன்று. பயணம் முடியும் வரை தேவையில்லாதது மூன்றாவது. எந்தப் பொருள் நமக்கு எப்பொழுது வேண்டும் என்று பயணி முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும்படி அச்சீட்டுகள் செய்தன. பெட்டிகளைத் துறையில் ஏற்றவும், இறங்கும் ஊரில் எடுத்து விடுதிக்கோ வீட்டுக்கோ அனுப்பவும் முகவர் நிறுவனங்கள் இருந்தன.

அம்முறையின் வசதியையும் இடரையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று ‘சத்திய சோதனை’யில் உள்ளது. 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய இளைஞர் மோகன்தாசு காந்தி, பிறர் செய்வதைப் பார்த்துத் தம் பெட்டிகளோடு திறவுகோல்களையும் கிரிண்ட்லே நிறுவன முகவரிடம் ஒப்படைத்துவிட்டார். இங்கிலாந்தில் இறங்கியது செப்டம்பர் இறுதியில், ஒரு சனிக்கிழமையன்று. உடுத்தியிருந்ததோ வெண்ணிற ஃபிளானல் உடை. அப்பருவத்தில் வெள்ளை உடுத்தியவர் தாம் ஒருவரே என்று கண்டு அவர் நாணினார். மறுநாள் ஞாயிறு, ஆகவே பெட்டிகள் கிடைக்கமாட்டா என்று விடுதியில் அறிந்தபோது பெரிதும் எரிச்சலுற்றதாக அவரே எழுதுகிறார்.

இந்நிகழ்ச்சியில் பெட்டி தொலையவில்லை; முகவரும் கடமை தவறவில்லை. இரண்டு நாள்களுக்கு வேண்டிய உடையும் திறவுகோலும் கையில் இல்லாமையே இன்னலாயிற்று. சுமையை முன்னே அனுப்புவோர் இன்றும் மனத்திற் கொள்ள வேண்டிய பாடம் இது.

கழுத்தில் தொங்கிய தகரம்

அதே காலத்தில் தெற்கே மற்றொரு பயணம் நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தொழிலாளர் சென்றனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களைக் கொண்டுசெல்லத் ‘தகரச் சீட்டு’ என்னும் முறை ஏற்பட்டது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது. அதனைக் கழுத்தில் அணிந்தவரைப் புகைவண்டியிலும் கப்பலிலும் ஏற்றி உரிய தோட்டத்தில் சேர்த்தனர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

முறை திறமையானதுதான். எழுத்தறியாத ஒருவர் வழிதவறாமல் சேர அது உதவியது என்றும் சொல்லலாம். ஆயினும் அதன் உட்பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். செங்கடற்கரையில் தமிழன் தன் பெயரைத் தன் பானையின் மேல் எழுதினான். மண்டபம் முகாமிலோ, வேறொருவரின் எண் தமிழனின் மேல் தொங்கவிடப்பட்டது. பெயர் எழுதியவர் துரைமார். பட்டியல் வைத்திருந்தவர் கங்காணி. பொறுப்புக் கணக்கு தோட்டத்தினுடையது. பயணியே சுமையாகிவிட்டான். இவ்விழிவு எவ்வளவு பெரியது என்று உணர்ந்தால்தான், தன் பெட்டிக்குத் தானே பட்டியல் எழுதிக் கையொப்பமிடும் உரிமையின் அருமை விளங்கும்.

தாராவியும் மாட்டுங்காவும்

பம்பாய்க்கு வந்த தமிழர் கடல் கடக்கவில்லை. எனினும் அவர்களும் புலம்பெயர்ந்தோரே. 1871-இல் பம்பாய் இருப்புப்பாதையும் சென்னை இருப்புப்பாதையும் இராய்ச்சூரில் இணைந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் வந்தோர் மாட்டுங்காவில் குடியேறினர். ஆஸ்திக சமாஜம் 1923-இலும், தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இலும் அங்கே தோன்றின. டிராம்பேயில் 1954-இல் அணுசக்தி நிலையம் அமைந்தபின் அறிவியலாரும் பொறியாளரும் செம்பூர்ப் பகுதியில் பெருகினர்.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பம் தகரப்பெட்டியின் மேல் பெயரும் ஊரும் வெள்ளைச் சாயத்தில் எழுதி, புகைவண்டியின் பிரேக் வேனில் பதிவு செய்து, ஹோல்டாலும் கூஜாவும் கட்டுச்சோறுமாகப் பெட்டியில் ஏறிய காலத்தை மூத்தோர் நன்கறிவர். பதிவுச் சீட்டைத் தாயின் சுருக்குப்பையில் பத்திரப்படுத்தியதும் அவர்களுக்கு நினைவிருக்கும். தகர வில்லையின் காலத்திலேயே, தன் பெயரைத் தன் பெட்டியின் மேல் எழுதும் வாழ்வு பம்பாயில் ஒரு பகுதித் தமிழர்க்கேனும் கிட்டியிருந்தது.

சுமையை முன்னே அனுப்பும் கலையைப் பம்பாய் நகரமே நாள்தோறும் நடத்திக் காட்டுகிறது. நெரிசல் மிக்க புறநகர் வண்டியில் உணவுப் பாத்திரத்தைச் சுமந்து செல்ல இயலாத அலுவலர்க்காக, 1890 அளவில் டப்பாவாலாக்களின் தொழில் தோன்றியது. மூடியின் மேல் தீட்டிய வண்ணக் குறிகளையும் எழுத்துகளையும் கொண்டே வீட்டுச் சோறு உரிய மேசையைச் சென்றடைகிறது. மாட்டுங்காவின் சாம்பார் சாதத்தை நகரின் தென்முனை அலுவலகங்களுக்குக் கொண்டு சென்றவை அக்குறிகளே.

விமானத்தின் வரலாறும் இவ்வாறே தொடங்கியது என்பது வியப்பு. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாயின் ஜுஹூவுக்குச் சிறு வானூர்தியை ஓட்டி வந்தார். நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அதில் ஏறியவை கடிதங்கள் மட்டுமே. பம்பாய்க்கும் தமிழகத்துக்கும் இடையே வான்வழியில் மூட்டைதான் முதலில் சென்றது. பயணி பின்னரே சென்றான்.

எடை பார்க்கும் யுகம்

1948 ஜூன் 8-ஆம் நாள் ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. கப்பலில் இருபது நாள் அளவில் முடிந்த பயணம் இரண்டு நாளுக்குள் அடங்கியது. காலம் சுருங்கியதுபோல் சுமையும் சுருங்க வேண்டியதாயிற்று. சாதாரண வகுப்புப் பயணிக்கு 20 கிலோ, முதல் வகுப்புப் பயணிக்கு 30 கிலோ என்பது நெடுங்காலம் நிலவிய பொது அளவு. மிகுதியான ஒவ்வொரு கிலோவுக்கும், முதல் வகுப்பு ஒருவழிக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்கு வாங்கினர். 40 கிலோ மிகுந்தால் முதல் வகுப்புக் கட்டணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! படிக்கச் செல்லும் மாணவனுக்கு இது தாங்குமா? எனவே புத்தகங்களும் பாத்திரங்களும் கப்பலில் முன்னே சென்றன. மாணவன் விமானத்தில் பின்னே சென்றான். 1970-களில் அமெரிக்க வழிகளில் எடைக்கு மாறாகப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் முறை வந்து, பெட்டிக்கு 32 கிலோ வரை இடம் கிடைத்தபோதுதான் ‘எல்லாவற்றையும் உடன் கொண்டு செல்லலாம்’ என்னும் எண்ணம் பரவியது. பிற்காலத்தில் அவ்வளவு பெரும்பாலும் 23 கிலோவாகக் குறைந்தது. பழைய வழக்கமும் திரும்பியது.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. பம்பாய் அப்பயணத்தின் பெருவாயில் ஆயிற்று. சென்றோரில் தாராவித் தமிழரும் இருந்தனர். தேவனார் இறைச்சிக்கூடம் 1971-இல் ஏற்பட்டபின் தாராவியில் தோல் பதனிடுதல் படிப்படியாகக் குறைந்து, பையும் பெட்டியும் தைக்கும் பட்டறைகளே மிஞ்சின. பிறர் பயணத்திற்குப் பெட்டி தைத்த குடும்பத்தின் பிள்ளை, தன் பெயர் எழுதிய பெட்டியோடு கடல் கடந்தான். நைலான் கயிறு கட்டி, நான்கு புறமும் பெரிய எழுத்தில் பெயரும் முகவரியும் எழுதிய அட்டைப் பெட்டிகள் அவன் திரும்பி வருவதற்கு முன்பே கப்பலில் வந்து சேர்ந்தன. தகர வில்லையின் காலத்திலிருந்து அட்டைப் பெட்டியின் காலம் வரையில் தமிழ்த் தொழிலாளி கடந்த தொலைவு கடலின் அகலத்தினும் பெரிது.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. இங்கிலாந்தின் இருப்புப்பாதைகள் விடுமுறைப் பயணியின் பெட்டியை வீட்டிலிருந்தே பெற்று முன்னதாக அனுப்பின. ஜப்பானில் யமாட்டோ நிறுவனம் 1976 ஜனவரி 20-ஆம் நாள் வீட்டுக்கு வீடு பொதி சேர்க்கும் பணியைத் தொடங்கியபோது முதல் நாள் வந்தவை 11 பொதிகளே. இன்றோ, விமான நிலையத்திற்குப் பெட்டியை முன்னே அனுப்பிவிட்டு வெறுங்கையுடன் செல்வது அந்நாட்டில் அன்றாட நிகழ்ச்சி.

ஆளில்லாப் பெட்டி

பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு 1985 ஜூன் 23 சான்று. கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறியது; 329 உயிர்கள் மாண்டன. வான்கூவரில் ஒரு பெயரில் பதிவு செய்யப்பட்ட பெட்டி ஏறியது. அப்பெயருக்குரிய ஆள் ஏறவில்லை. அப்பெட்டியில்தான் வெடிகுண்டு இருந்தது. 1988 டிசம்பர் 21-ஆம் நாள் லாக்கர்பியிலும் உடைமையாளர் இல்லாத பெட்டியால் 270 பேர் உயிரிழந்தனர். பயணி ஏறாவிடில் அவர் பெட்டியையும் இறக்கிவிட வேண்டும் என்னும் கண்டிப்பு உலகெங்கும் வலுப்பெற்றது இத்துயரங்களுக்குப் பின்னரே.

ஆகவே இன்று தனியே செல்லும் பெட்டி, பயணியின் சுமையாக அன்றிச் சரக்காகவே கருதப்பட்டுச் சரக்குக்குரிய சோதனைகளைக் கடக்கிறது. இதனைத் தொல்லை என்று எண்ணலாகாது. 329 உயிர்கள் கொடுத்த விலை அது.

இன்றைய சட்டமும் நடைமுறையும்

1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, சுமைக்கு உரியவர் அதன் உள்ளடக்கத்தைத் தாமே அறிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவுக்குத் திரும்புவோரின் தனிச்சுமையைப் பற்றி 1998, 2016 ஆண்டுகளின் விதிகள் கூறியவை மூன்று: அது வெளிநாட்டில் பயணியின் கைவசம் இருந்ததாக இருத்தல் வேண்டும், பயணி வந்த ஒரு மாதத்திற்குள் அனுப்பப்பட வேண்டும், முன்னதாக வருமாயின் இரண்டு மாதத்திற்கு மேல் முந்தலாகாது. பயன்படுத்திய சொந்தப் பொருள்கள் நீங்கலாக, உடன் கொண்டு வரும் சுமைக்குரிய வரிச்சலுகை தனிச்சுமைக்குக் கிடைக்கவில்லை. விதிகள் அவ்வப்போது மாறுவன. புறப்படும் காலத்து விதியைக் கேட்டறிதல் நலம். அயல்நாட்டுக்கு அனுப்புவோர் அந்நாட்டின் சுங்க விதியையும் அறிதல் வேண்டும். ஊறுகாய், விதை, மருந்து ஆகியவற்றில் நாட்டுக்கு நாடு கண்டிப்பு வேறுபடும்.

பொறுப்பின் அளவும் வேறு வேறு. 1929-இன் வார்சா உடன்படிக்கையும் 1999-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையும் பன்னாட்டு விமானத்தின் பொறுப்பை வரையறுத்தன. 2024 டிசம்பர் 28 முதல், உடன் பதிவு செய்த சுமை தொலைந்தால் பயணி ஒருவர்க்கு உச்ச அளவு 1,519 சிறப்பு எடுப்புரிமை; இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கலகு. வான்வழிச் சரக்காகச் சென்றால் கிலோவுக்கு 26 அலகு. எனவே 23 கிலோப் பெட்டி சரக்காகத் தொலைந்தால் 598 அலகே உச்சம். விலையுயர்ந்த பொருளைத் தனிப்பெட்டியில் வைப்போர் மதிப்பை முன்னறிவித்தோ காப்பீடு செய்தோ அனுப்ப வேண்டியதன் காரணம் இதுவே.

கட்டணத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வான்வழியில் எடையையும் பருமனையும் ஒப்பிட்டு, மிகுந்ததற்கே கூலி. பல நிறுவனங்கள் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கின்றன. 60, 45, 40 என்னும் அளவுள்ள பெட்டியில் அப்பளமும் வடகமும் அடுக்கினால் உண்மை எடை 8 கிலோவாயினும் 21.6 கிலோவுக்குப் பணம் கட்ட நேரும். புத்தகம், பாத்திரம் போன்ற காத்திரமான பொருள்கள் நவாசேவாத் துறைமுகம் வழியே கடலில் மெல்லச் செல்வதே சிக்கனம். கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ், நகை, மருந்து, இரண்டு நாள் உடை, பெட்டியின் திறவுகோல் ஆகியவை கையிலேயே இருக்கட்டும்.

பட்டியலைக் காப்போம்

முன்னே அனுப்பும் பெட்டிக்கு எழுதும் பட்டியல், சுங்க அலுவலர் பார்த்து முடித்ததும் குப்பைக்குச் செல்கிறது. அதனை ஆவணமாகப் போற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். முசிறிக் கப்பலின் சரக்குப் பட்டியலைக் கொண்டன்றோ பழைய வாணிகத்தை இன்று ஆராய்கிறோம்! ‘வெண்கலப்பானை ஒன்று, இட்லித் தட்டு நான்கு, திருக்குறள் ஒன்று, சிறுவர் பாடநூல் ஆறு’ என்று எழுதிய ஒரு தாள், ஒரு குடும்பம் எதனை விட்டுப் பிரிய மனமில்லாமல் கடல் கடந்தது என்பதை வருங்காலத்தார்க்குச் சொல்லும். தேதியும் ஊரும் கையொப்பமும் இட்டு, அதன் படி ஒன்றை வீட்டில் வைப்பது கடினமன்று. தமிழ்ச் சங்கங்கள் இத்தகைய பட்டியல்களையும், பழைய தகரப்பெட்டிகளின் சீட்டுகளையும், பிரேக் வேன் பதிவுச் சீட்டுகளையும் திரட்டிக் காத்தல் வேண்டும்.

தகர வில்லை அணிந்து சென்றவர்களுள் பெரும்பாலோர் என்ன கொண்டு சென்றார்கள் என்பதை நாம் அறியோம். அவர்களின் எண்களை எழுதியவர்கள் அவர்களின் மூட்டைகளைப் பற்றி எழுதவில்லை. நமக்கு எழுதும் கை வாய்த்திருக்கிறது. பெட்டி முன்னே செல்லட்டும். அதன் மேல் நம் பெயரும், அதனுள் என்ன உள்ளது என்னும் கணக்கும் நம் எழுத்தாகவே இருக்கட்டும்.